பதினாறால வகுக்காதீங்க! பாட்டி மறதி ஃபார்ம்

வணக்கம் மக்களே! போன வீடியோவுல காட்டுன ஐக்யூகோட் ஃபார்மை, அதான் பெரியவங்களோட ஞாபகமும் புத்தியும் பத்து வருஷத்துல எவ்ளோ மாறிருக்குன்னு கூட இருக்கிறவங்ககிட்ட கேக்குற கேள்வித்தாளை, வீட்டுப் பெரியவங்களுக்குப் போட்டுப் பார்த்து மார்க் அனுப்பியிருக்கீங்க. சந்தோஷம். ஆனா எல்லாரும் ஒரே எடத்துல தப்பு பண்ணியிருக்கீங்க, அதான் இன்னிக்கே கேமராவைத் தூக்கிட்டேன்.

16 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1-லேர்ந்து 5. 1-னா ரொம்பத் தேறிட்டாங்க, 5-னா ரொம்ப மோசமாயிட்டாங்க. எல்லா மார்க்கையும் கூட்டி, பதில் போட்ட கேள்வி எத்தனையோ அதால வகுக்கணும். பேங்க், பென்ஷன் கேள்வி வருதில்ல? காசிமேட்டுப் பாட்டி ஆயுசுல பேங்க் படி மிதிச்சதில்லன்னா அதைக் காலியா விடணும். விட்டீங்க, சரி. அப்புறம் ஏன் பதினாறால வகுத்தீங்க? ரெண்டு காலின்னா பதினாலாலதான் வகுக்கணும். கூட்டுத்தொகை 50-னு வைங்க. பதினாறால வகுத்தா 3.13, "ஒண்ணுமில்ல"ன்னு வீட்லயே உக்காந்துருவீங்க. பதினாலால வகுத்தா 3.57! இதைத் தாண்டுனா மறதி நோயான்னு பார்க்கணும்னு ஆய்வுங்கள்ல போடுற கோடு பெரும்பாலும் 3.3-லேர்ந்து 3.6-க்குள்ளதான் விழுது. ஒரு வகுத்தல்ல டாக்டரைப் பார்க்கிறதே தள்ளிப் போயிடும்.

3-னா "மாத்தமில்ல", "பரவால்ல" இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாங்களோ, அதோட ஒப்பிடணும். அப்பவே ரேஷன் கார்டை எங்க வெச்சோம்னு தேடுனவங்க இப்பவும் அதே அளவு தேடுனா 3-தான். அப்போ கல்மண்டபம் மார்க்கெட்ல சில்லறையை விரல்நுனியில கணக்குப் போட்டவங்க இப்போ பர்ஸையே கடைக்காரர் கையில குடுத்தா 5. அதனால மூணு வருஷம் முன்னாடி வந்த மருமக நிரப்பக் கூடாதுங்க, எவ்ளோ பாசமா பார்த்துக்கிட்டாலும். கூடவே இருந்த மகளோ தங்கச்சியோ நிரப்பட்டும்.

இந்த ஃபார்ம் எனக்கு ஏன் இவ்ளோ பிடிக்கும்னா, 1989-ல ஆஸ்திரேலியாவுல 26 கேள்வியோட வந்தப்பலேர்ந்தே இது படிப்பை அளக்கல. வேற மறதி டெஸ்ட்ல மாதிரி நூறுலேர்ந்து ஏழேழா கழின்னு கேட்டா பள்ளிக்கூடமே போகாத ஆயா முழிப்பாங்க, அதை மறதின்னு எழுதிருவாங்க. எனக்கு அது சுத்தமா பிடிக்காது.

இதுல ஓட்டையும் இருக்கு. நிரப்புறவங்க ராத்தூக்கம் இல்லாம மனசு நொந்திருந்தா மார்க் ஏறிடும். அதனால ரெண்டு பேர் தனித்தனியா, பெரியவங்க காதுல விழாத எடத்துல போடுங்க.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன். நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க இன்னிக்குத் திடீர்னு குழம்பிப் பேசுனா ஃபார்மே எடுக்காதீங்க. கிருமித்தொற்று, உப்புச்சத்து குறைச்சல், பக்கவாதம்னு எதுவா வேணா இருக்கலாம். உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

மெதுவா வந்த மறதின்னா ரெண்டு ஃபார்மையும், சாப்பிடுற மாத்திரை அட்டை அத்தனையும் ஒரு பையில போட்டு நரம்பியல் ஓபிக்கு எடுத்துட்டுப் போங்க. தைராய்டு, பி12, காது கேக்குதா, தூக்க மாத்திரை எதுனா ஓடுதான்னு நீங்களே கேளுங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள திரும்ப வகுத்து கமெண்ட்ல போடுங்க, எத்தனை காலின்னும் சேர்த்து எழுதுங்க.