ஆடி ஒண்ணுக்கு ஆனியிலயே வீடியோ போட்டுருங்க

வணக்கமுங்க. கவுந்தப்பாடிப் பக்கம் எங்க குடும்பத்துக்கு நாட்டுச்சக்கரை ஆலை இருக்குது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ரெண்டையும் நான்தானுங்க பாத்துக்கறேன். "தினமும் என்னத்தைப் போடறது?"ன்னு சின்னதா யாவாரம் பண்றவங்க நெறைய பேரு கேக்கறீங்க. தினமும் போடவே வேண்டாமுங்க. நம்ம சரக்கு எந்த நாளுக்கு வாங்குவாங்களோ, அந்த நாள்ல இருந்து பின்னால எண்ணிட்டு வாங்க.

ஆடி ஒண்ணையே எடுத்துக்கங்க. ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் அன்னைக்குத் தேங்காய் சுடுவோம். தேங்காய்க் கண்ணுல ஓட்டை போட்டு, எள்ளு, பாசிப்பருப்பு, அவல், சக்கரையெல்லாம் உள்ள போட்டு, குச்சியில சொருகித் தீயில வாட்டறது. ஜூலை 17 வாக்குல வரும். அன்னைக்குக் காத்தால ரீல்ஸ் போட்டா யாருங்க வாங்குவாங்க? சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கற நம்மூருப் புள்ளைங்களுக்குப் பார்சல் போய்ச் சேரணுமில்லீங்க? ஆனி பாதியிலயே தேங்காய் சுடற வீடியோ போயிரணும். அடுத்த வாரம் விலை, எடை, கடைசி ஆர்டர் தேதி. தைப்பூசத்துக்கும் இதே கணக்குத்தான். பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடிச் சக்கரை போகுது, அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019ல புவிசார் குறியீடும் கெடைச்சுது. அதைச் சொல்ல வேற நல்ல நேரம் ஏதுங்க?

படம் புடிக்கறதை ஆலை ஓடற அன்னைக்கே மொத்தமா முடிச்சுருங்க. கரும்பு அரைபடறது, சுண்ணாம்புத் தண்ணி ஊத்துனதும் அழுக்கு நுரையாத் தெரண்டு மேல வர்றது, அதை வழிச்செடுக்கறது, காஞ்ச சக்கையை அடுப்புக்குத் தள்ளறது, பாகை ஊத்தி ஆறவிட்டுத் தேய்ச்சுப் பொடியாக்கறது. ஒவ்வொண்ணும் ஒரு ரீல்ஸுங்க. போனை நட்டமா வெச்சுப் புடிங்க. பாட்டு வேண்டாம், பாகு கொதிக்கற சத்தமே போதும்.

பண்டிகை இல்லாத மாசத்துக்கு வாடிக்கையாளருங்க கேள்வியே சரக்கு. "உங்க சக்கரை ஏனுங்க இவ்வளவு கருப்பா இருக்குது?"ன்னு கேப்பாங்க. காய்ச்சறப்ப ஹைட்ரோஸ்ங்கற வெளுக்க வெக்கற ரசாயனத்தைப் போட்டா நெறம் வெளுத்துப் பளிச்சுன்னு வரும், போடாட்டி பழுப்பாத்தான் இருக்கும். அதைக் காட்டிச் சொல்லுங்க. அதுக்காகக் கருப்புன்னாலே சுத்தம்னு சொல்லிராதீங்க. கரும்பு ரகம், மண்ணு, பாகுப் பதம் எல்லாத்துக்கும் நெறத்துல பங்கிருக்குது. இன்னொண்ணு, "சக்கரை நோய்க்காரங்களும் தாராளமாச் சாப்பிடலாம்"னு சிலபேரு எழுதறாங்க பாருங்க, எனக்கு வயிறு எரியுது. நாட்டுச்சக்கரையும் ரத்தத்துல சக்கரையை ஏத்தத்தானுங்க செய்யும். நம்மள நம்பி வாங்கறவங்க வீட்டுலயும் வயசானவங்க இருக்காங்க. யாவாரம் கொறைஞ்சாலும் பரவால்ல, அந்த வரியைப் போடாதீங்க.

வாட்ஸ்அப்ல பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டா 256 பேரு வரைக்கும் ஒரே தடவையில அனுப்பலாம். ஆனா நம்ம நம்பரைச் சேவ் பண்ணி வெச்சவங்களுக்குத்தான் அது போகும். அதனால ஒவ்வொரு பார்சல்லயும் ஒரு சீட்டு வெச்சு, "இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்கங்க, புதுச் சக்கரை எறங்குனதும் சொல்றோம்"னு கையில எழுதி அனுப்புங்க.