கல்தேயர்: ஒரு பெயர் கைமாறிய கதை

அவையோருக்கு வணக்கம்.

விவிலியம் படித்தவர்களுக்குக் கல்தேயர் என்றதும் ஆபிரகாம் விட்டுப் புறப்பட்ட 'ஊர்' என்ற நகரம் நினைவுக்கு வரும். வானியல் வரலாறு படித்தவர்களுக்குப் பாபிலோன். வட ஈராக்கில் கேட்டால், இன்றும் அங்கே வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களைக் காட்டுவார்கள்.

முதலில் சதுப்பு நிலத்துக்குப் போவோம். யூப்ரடீசும் டைகிரிசும் பாரசீக வளைகுடாவை நெருங்கும் இடம். நாணல் காடும் நீரோடையும்தான். அசீரியர்கள் அதைக் 'கல்து' நாடு என்றார்கள். கி.மு. 9ஆம் நூற்றாண்டில்தான் அவர்களுடைய சாசனங்களில் அந்தப் பெயர் முதலில் தலைகாட்டுகிறது. ஆபிரகாமின் காலம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்பது மரபு. அதனால் 'கல்தேயரின் ஊர்' என்ற அடைமொழி பிற்காலத்தவர் சேர்த்தது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எபிரேயத்தில் இவர்கள் 'கஸ்தீம்'. அசீரியர் பேசிய அக்காடிய மொழியில் 'த'கரத்துக்கு முன் வரும் 'ஷ' ஒலி 'ல' ஆகிவிடும். எபிரேயம் பழைய ஒலியை விடவில்லை.

பீத் யாக்கின், பீத் தக்கூரி, பீத் அமுக்கானி ஆகியவை அவர்களுடைய பெரிய குலங்கள். பீத் என்றால் வீடு. யாக்கின் வீட்டுத் தலைவர் மெரோதாக் பலாதான் கி.மு. 721இல் பாபிலோன் அரியணையையே பிடித்தார். பின்னாளில் அசீரிய மன்னன் சனகெரிப் படையோடு வந்தபோது சதுப்புக்குள் மறைந்துவிட்டார். ஐந்து நாள் தேடியும் ஆள் அகப்படவில்லை என்று சனகெரிப்பின் சாசனமே சொல்கிறது. வெற்றியைப் பறைசாற்ற எழுதியதில் இப்படி ஒரு வரி! அப்புறம் கி.மு. 612இல் அசீரியத் தலைநகர் நினிவே விழுந்தது. பாபிலோனில் கல்தேயப் பேரரசு என்று சொல்லப்படும் நேபுகாத்நேச்சாரின் பேரரசு எழுந்தது, கி.மு. 539இல் பாரசீகரிடம் முடிந்தது.

அரசு போனாலும் பெயர் போகவில்லை, தொழிலுக்கு மாறியது. விவிலியத்தின் தானியேல் நூலிலேயே கல்தேயர் என்றால் கனவுக்குப் பொருள் சொல்லும் ஞானிகள் வரிசையில் ஒருவர். கிரேக்கருக்கும் ரோமருக்கும் கல்தேயர் என்றால் சோதிடர்தான். கி.மு. 139இல் ரோம் நகரத்திலிருந்து அவர்களை வெளியேற்ற ஆணையே பிறந்தது. ஆனால் பாபிலோன் பூசாரிகள் செய்த வேலையை வெறும் குறி சொல்லல் என்று தள்ளிவிடாதீர்கள். அவர்களுடைய களிமண் பலகைகளைப் பாருங்கள்: இன்றிரவு நிலா எந்த விண்மீனுக்கு அருகே, மேகம் மறைத்ததா, யூப்ரடீசில் நீர்மட்டம் எவ்வளவு, ஒரு வெள்ளி ஷெக்கலுக்கு பார்லி எவ்வளவு, பேரீச்சை எவ்வளவு, எள் எவ்வளவு. கி.மு. 652 முதல் கி.மு. முதல் நூற்றாண்டு வரையிலான பலகைகள் கிடைத்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இரவெல்லாம் விழித்திருந்த உழைப்பு அது. கிரகணங்கள் 18 ஆண்டு 11 நாளுக்கு ஒருமுறை திரும்பும் என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

சரி, கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? அவர்கள் பேசிய அரமேய மொழியை ஐரோப்பியர் கல்தேய மொழி என்று அழைத்துவந்தார்கள். தானியேல் நூலில் ஞானிகள் பேசும் மொழி அது. 1445இல் சைப்ரஸ் தீவின் கிழக்குச் சிரிய ஆயர் திமொத்தேயு ரோமுடன் இணைந்தபோது, திருத்தந்தை நான்காம் யூஜின் அவருடைய மக்களைக் கல்தேயர் என்றே குறிப்பிட்டு, இனி யாரும் அவர்களை நெஸ்தோரியர் (நெஸ்தோரியுவின் தவறான போதனையைப் பின்பற்றுபவர் என்ற பழிப்பெயர்) என்று அழைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 1553இல், வட ஈராக்கின் அல்கோஷ் ஊருக்கு அருகில் உள்ள ரப்பான் ஹொர்மிஸ்த் மடத்தின் தலைவராக இருந்த யோகன்னான் சுலாக்கா ரோமுக்குப் போய் முதுபெரும் தந்தையாக, அதாவது திருச்சபைத் தலைவராக, திரும்பினார். இரண்டே ஆண்டில் கொல்லப்பட்டார். இன்றைய கல்தேயக் கத்தோலிக்கத் திருச்சபை அவரிடமிருந்துதான் தன் வரலாற்றைத் தொடங்குகிறது. நம் பக்கத்துத் திருச்சூரில் உள்ள கல்தேயச் சுறியானி சபைக்கும் அதே பெயர். ஆனால் அது ரோமுடன் இணையாத கிழக்கின் திருச்சபையைச் சேர்ந்தது.

'ரோம் கொடுத்த பெயர், நீங்கள் நிஜமான கல்தேயர் இல்லை' என்று இந்த மக்களிடம் முகத்துக்கு நேரே சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. யாக்கின் வீட்டுக்கு வம்சாவளி காட்ட யாராலும் முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு பெயரோடு பிறந்து, மணந்து, அடக்கமானவர்களிடம் அதற்கு மேல் என்ன அத்தாட்சி கேட்பது? 2014இல் ஐ.எஸ். படை மோசூலில் அவர்களுடைய வீட்டுச் சுவர்களில் நஸ்ரானி (கிறிஸ்தவர்) என்பதன் முதல் எழுத்தான அரபு 'நூன்' எழுத்தைக் குறித்து விரட்டியபோது, யாரும் வம்சாவளி கேட்கவில்லை. மோசூலுக்கு அருகே உள்ள தெல்கெய்ஃப் ஊரே காலியானது. தப்பியவர்களில் பலர் எர்பில் நகரை ஒட்டிய அன்காவாவில் தேவாலய வளாகங்களில் கூடாரம் போட்டார்கள். தெல்கெய்ஃபிலிருந்து முன்பே அமெரிக்கா போனவர்களின் பிள்ளைகள் இன்று டெட்ராய்ட் பகுதியில் பெருந்திரளாக வாழ்கிறார்கள். அவர்கள் வீடுகளில் முதியவர்கள் பேசும் 'சூரத்', அந்தப் பழைய அரமேயத்தின் வழிவந்த மொழிதான்.