ரைக்ஸ்டாக்கைத் துணியால் மூட நாடாளுமன்றம் வாக்களித்த கதை

வணக்கம். எனக்குப் பின்னால் தெரிவது ஜெர்மனி நாடாளுமன்றம் கூடும் பெர்லினின் ரைக்ஸ்டாக் கட்டடம். இதன் கண்ணாடிக் குவிமாடத்தைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. அதற்கென்றே காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. 1995 கோடையில் இந்தக் கட்டடம் முழுவதும் வெள்ளி நிறத் துணியால் மூடப்பட்டு இரண்டு வாரம் நின்றது. அதற்கு அனுமதி தருவதா வேண்டாமா என்று நாடாளுமன்றமே கூடி விவாதித்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதைச் செய்த கலைஞர் கிறிஸ்டோ பல்கேரியாவில் பிறந்து, 1957-இல் கம்யூனிச செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரிலிருந்து தப்பி மேற்கே வந்தவர். அவருக்கும் அவருடைய மனைவி ஜான்-கிளாடுக்கும் இந்த எண்ணம் 1971-இல் தோன்றியது. பெர்லின் சுவர் கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தை ஒட்டியே சென்றதால், கிழக்கும் மேற்கும் முட்டிக்கொள்ளும் இடமாக அது அவரை ஈர்த்தது. 1977, 1981, 1987 என மூன்று முறை அனுமதி மறுக்கப்பட்டது. சுவர் விழுந்தபின் இருவரும், அப்போது நாடாளுமன்றம் இயங்கிவந்த பான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அறைகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கி ஆதரவு திரட்டினார்கள். அவைத் தலைவர் ரீட்டா சூஸ்முத் அவர்களுக்குத் துணை நின்றார்.

1994 பிப்ரவரி 25 அன்று பானில் விவாதம் நடந்தது. பிரதமர் ஹெல்முட் கோல் இதை விரும்பவில்லை. அவருடைய கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் வொல்ஃப்காங் ஷொய்ப்ளே எதிர்த்துப் பேசினார். நாட்டின் சின்னமான ஒரு கட்டடத்தை வைத்துச் சோதனை செய்தால் அது மக்களை ஒன்றுசேர்க்காமல் பிரித்துவிடும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதைப் பழமைவாதப் புலம்பல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் இணைப்பு நடந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. கிழக்கில் ஆலைகள் மூடப்பட்டு வேலையின்மை பெருகியிருந்தது. அகதிகள் விடுதிகள் தாக்கப்பட்ட ஆண்டுகள் அவை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தலைவர் தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் மக்களால் தாங்க முடியாது என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்தது, மக்களைக் குறைத்து மதிப்பிட்டதாகவே எனக்குப் படுகிறது.

உறுப்பினர்கள் பெயர் சொல்லி வாக்களித்தார்கள்: ஆதரவு 292, எதிர்ப்பு 223, நடுநிலை 9. ஒரு கலைப்படைப்பு உருவாகலாமா என்பதில் ஒவ்வொருவரின் நிலைப்பாடும் அவைக்குறிப்பில் ஏறியது. நாஜி அரசே ஓவியங்களைப் பறிமுதல் செய்து 'சீரழிந்த கலை' என்று 1937-இல் மியூனிக்கில் காட்சிக்கு வைத்து அவமதித்த நாடு இது என்பதை நினைத்தால், அந்த வாக்கெடுப்பின் எடை புரியும்.

பணம் அரசுடையது அல்ல. கிறிஸ்டோவின் வரைபடங்களை விற்ற தொகையே முழுச் செலவுக்கும் போதுமானதாக இருந்தது. விளம்பரதாரர்களையும் அவர்கள் ஏற்கவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர மீட்டர் துணி, 15.6 கிலோமீட்டர் நீலக் கயிறு, 90 மலையேற்ற வீரர்கள். சிலைகளும் கல்ஜாடிகளும் சேதமாகாமல் இருக்க அவற்றைச் சுற்றி எஃகுச் சட்டங்கள் அமைக்கப்பட்டன. துணி மடிப்புகள் அவற்றின் மேலிருந்து தரைவரை விழுந்தன. பார்வையாளர்களுக்குத் துணியின் சிறு துண்டுகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. ஜூன் 24 முதல் ஜூலை 7 வரை ஏறத்தாழ 50 லட்சம் பேர் வந்தார்கள்.

துணி அகற்றப்பட்டதும் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் சீரமைப்புப் பணி தொடங்கியது. 1999-இல் நாடாளுமன்றம் இங்கே குடியேறியது. 2017 முதல் நான்கு ஆண்டுகள் இதே கட்டடத்தில் அவைத் தலைவராக அமர்ந்திருந்தவர் ஷொய்ப்ளே. நீங்கள் அந்த அவையில் இருந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பீர்கள் என்பதைக் காரணத்தோடு கீழே எழுதுங்கள்.