ஔவை சண்முகம்: மேடைக்கு உரிய நடிகர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நடிகரை அவர் நடித்த திரைப்படங்களை மட்டும் கொண்டு மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. அப்படிப் பார்த்தால் டி.கே. சண்முகத்தின் கணக்கில் பெரிதாக ஒன்றும் இராது. அவர் நடித்த படங்கள் குறைவு. மேடையில் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்த ஔவையார் வேடமும் திரைக்கு வந்தபோது வேறொருவரிடம் சென்றது. ஆயினும், தமிழ் நடிப்பு எங்கே, எப்படிப் பயின்று வளர்ந்தது என்று கேட்பவர் அவரைத் தாண்டிச் செல்ல முடியாது என்பது என் எண்ணம்.

சண்முகம் 1912-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடங்களில் பெயர் பெற்ற நாடக நடிகர். 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, ஆறு வயதுச் சிறுவனான சண்முகமும் தமையன்மாரோடு அதில் சேர்க்கப்பட்டார். பாய்ஸ் கம்பெனி என்று அக்காலத்தார் அழைத்த அந்தக் குழுக்களில் பள்ளிக்கூடம், வீடு, தொழில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஹார்மோனியத்தோடு பாட்டுப் பயிற்சி, பாடம் ஒப்பித்தல், இரவில் நாடகம், மறுநாள் மீண்டும் பாடம் என்று நாட்கள் கழிந்தன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். பருவ வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்று வரை ராஜபார்ட் என்னும் தலைமை வேடம் போட்ட பையன்கூட ஓரமாக நிற்க நேரிடும். இரக்கமற்ற பள்ளிதான், ஆனால் அதில் தேறியவனுக்கு உச்சரிப்பில் பிழை வராது.

அந்தச் சிறுவனிடம் சுவாமிகள் என்ன கண்டாரோ, அவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் வியந்து பேசும் செய்தி. பின்னர் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1922-இல் சுவாமிகள் மறைந்தார். அவரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றுவதைச் சண்முகம் கடைசி வரை கடமையாகவே கொண்டிருந்தார்.

1925-இல் சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய சகோதரர்கள் நால்வரும் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். புராண நாடகங்களோடு நின்றுவிடாமல், எம். கந்தசாமி முதலியாரின் பயிற்சியில் சமூக நாடகங்களுக்குத் திரும்பியது இந்தக் குழுவின் துணிவு. அதன் பயனாக 1935-இல் ராஜா சாண்டோ இயக்கிய 'மேனகா' படம் வந்தது. மேடையில் நடித்த குழுவினரே திரையிலும் நடித்தார்கள். 'குமாஸ்தாவின் பெண்' 1941-இலும், 'பில்ஹணன்' 1948-இலும் அவ்வாறே மேடையிலிருந்து திரைக்குச் சென்றன. திரைப்படத்தால் கம்பெனி நொடித்துப் போன கதைகள் பல உண்டு. இச்சகோதரர்களோ படம் எடுத்தபின் மீண்டும் படுதாவையும் சீன்களையும் ரயிலேற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள்.

1942-இல் அரங்கேறிய 'ஔவையார்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் பெண் வேடம் போடுவது அன்று புதிதன்று. ஆனால் ஸ்திரீபார்ட் என்றாலே இளமை, நளினம், கொஞ்சும் குரல் என்று ஓர் இலக்கணம் வகுக்கப்பட்டிருந்தது. ஔவையோ அந்த இலக்கணத்துக்குள் அடங்காத கிழவி; அரசர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசுபவள். முப்பது வயது ஆண், அழகு காட்டிக் கைதட்டல் வாங்கும் வழியை முற்றிலும் துறந்து, கூன் விழுந்த முதுகையும் தளர்ந்த நடையையும் இரவெல்லாம் தாங்கியபடி, பாடும்போது மட்டும் தமிழின் மிடுக்கைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இதில் அவர் பெற்ற வெற்றியால்தான் ஔவை என்பது அவர் பெயரின் முன்னொட்டாகவே ஆகிவிட்டது. 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்தார். அதைச் சண்முகத்துக்கு நேர்ந்த இழப்பாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேடைக்கும் அவையோருக்கும் இடையே உள்ள தொலைவில் நிற்கும் வேடம் அது. முகத்துக்கு அருகில் வந்து நிற்கும் கேமராவுக்கு அதே ஒப்பனை ஈடுகொடுத்திருக்குமா என்பது ஐயமே.

அரு. ராமநாதன் எழுத, இச்சகோதரர்கள் நடத்திய 'இராசராச சோழன்' நாடகம் பல ஊர்களில் வெற்றியோடு நடந்தது. அதன் திரைவடிவம் சினிமாஸ்கோப் என்னும் அகலத்திரையில் வந்த முதல் தமிழ்ப் படமாக 1973-இல் வந்தது. சிவாஜி கணேசன் சோழனானார், இயக்கிய ஏ.பி. நாகராஜன், சிறுவனாக இதே சகோதரர்களின் குழுவில் பெண் வேடம் போட்டுப் பழகியவர். படம் வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, அந்த ஆண்டு பிப்ரவரியில், சண்முகம் காலமாகிவிட்டார்.

குழுவில் பயின்று சென்றவர்களை எண்ணத் தொடங்கினால் நேரம் போதாது: என்.எஸ். கிருஷ்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி, பின்னாளில் கமல்ஹாசன். ஆசிரியரின் நினைவாகவே 1996-இல் தம் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று கமல் பெயரிட்டார். பத்மஸ்ரீ உள்ளிட்ட விருதுகளும் சண்முகத்தைத் தேடி வந்தன. என் மதிப்பில் அவற்றைவிடப் பெரியது 'எனது நாடக வாழ்க்கை' என்ற அவருடைய நூல். தம் பெருமையைச் சுருக்கி, கொட்டகைகள், ஆசிரியர்கள், உடன் நடித்தவர்கள், வசூலற்ற நாட்கள் ஆகியவற்றை விரித்து எழுதியிருக்கிறார். நடிகர்கள் எழுதும் சுயசரிதையில் இந்த விகிதம் அரிது.

இன்றைய நேயர் அவர் நடிப்பை நேரில் அறிய விரும்பினால், பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைப் பார்க்கலாம். 1961-இல் வந்த அப்படத்தில் அவர் சுப்பிரமணிய சிவா. வ.உ.சி.யாகச் சிவாஜி, பாரதியாக எஸ்.வி. சுப்பையா என்று உடன் நின்ற இருவருமே நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். சிறையில் தொழுநோய்க்கு ஆளான சிவா தம் பழைய தோழரைச் சந்திக்கும் இடத்தில் சண்முகத்தின் குரலைக் கவனியுங்கள். உடல் தளர்ந்தபின்னும் சொல் ஒவ்வொன்றும் முழுமையாக, ஈற்றெழுத்து விழுங்கப்படாமல், நம்மை வந்தடைகிறது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் ஆறு வயதில் தொடங்கிய பயிற்சி அது.

நன்றி, வணக்கம்.