அத்தைப்பாட்டி வீட்டுப் பஞ்சாயத்து

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, வணக்கம். எனக்குக் கொடுத்தது ஏழே நிமிடம், அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

சார்லஸ் டிக்கன்ஸ் நாவல்களில் மனதுக்கு நெருக்கமானது 'டேவிட் காப்பர்ஃபீல்டா', பிப் என்ற பையனின் கதையான 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸா' என்பது கேள்வி. தன் பிள்ளைகளில் செல்லப்பிள்ளை ஒருவன் உண்டு, அவன் பெயர் டேவிட் காப்பர்ஃபீல்ட் என்று டிக்கன்ஸே 1867-ல் முன்னுரையில் சொல்லிவிட்டார். பெற்றவரே சொன்ன பிறகு வழக்கு ஏது? ஆனாலும் மைக் கையில் வந்துவிட்டது, சும்மா போக மனசு வருமா?

எனக்கு முன் பேசிய சகோதரி என்ன சொன்னார்? "காப்பர்ஃபீல்ட் நாவல் இல்லை, தலையணை. படித்தாலும் தூக்கம், தலைக்கு வைத்தாலும் தூக்கம். எங்கள் பிப் கதைதான் கச்சிதம்!" நீங்களும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், நாகரிகம் கருதி.

சகோதரி, அது தலையணையாகப் பிறக்கவில்லை. 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதாமாதம் 32 பக்கம், இரண்டு படம், விலை ஒரு ஷில்லிங் என்று மெல்லிசாக வந்தது. தூக்கம் வரவழைக்கும் கதைக்கு ஒன்றரை வருடம் யார் ஷில்லிங் கொடுப்பார்கள்? உங்கள் கதை கச்சிதமாம்! டிக்கன்ஸ் அதற்கு ஒரு முடிவு எழுதினார். நண்பர் புல்வர் லிட்டன் படித்துவிட்டு வேண்டாம் என்றார். மாற்றி எழுதிவிட்டார். எந்த முடிவு நல்ல முடிவு என்று இன்றைக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அப்புறம், பிப் கதையைத் தொடங்கும்போது, சொன்னதையே திரும்பச் சொல்லிவிடக் கூடாதே என்று அவர் உட்கார்ந்து மறுபடி படித்த புத்தகம் எது? எங்கள் தலையணைதான்!

சரி, அந்தத் தலையணையைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன்.

அனாதைப் பையன் டேவிட். லண்டனில் பாட்டில் கழுவும் வேலை. ஓடிவிடுகிறான். பெட்டியும் காசும் வழியிலேயே பறிபோகின்றன. அரைக்கோட்டை விற்கிறான், மேல்கோட்டை விற்கிறான், ஆறாம் நாள் டோவர் வந்து சேர்கிறான். அங்கே பெட்ஸி ட்ராட்வுட், அப்பாவுக்கு அத்தை; நம் கணக்கில் அத்தைப்பாட்டி. இவன் பெண்ணாகப் பிறக்கவில்லை என்று பிறந்த அன்றே கோபித்துக்கொண்டு போன மகராசி! பையனைப் பார்த்ததும், "போ, போ! இங்கே பையன்களுக்கு இடமில்லை!" அவன், "நான் உங்கள் பேரன்" என்கிறான். பாட்டி அப்படியே தோட்டத்து நடைபாதையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

கேளுங்கள், இனிமேல்தான் இருக்கிறது. உள்ளே இழுத்துப் போய், அலமாரியில் கைக்கு வந்த பாட்டிலை எல்லாம் எடுத்து வாயில் ஊற்றுகிறார். சோம்புத் தண்ணீர், மீன் சாஸ், சாலட்டில் ஊற்றுவது! பையன் பிழைத்ததே பெரிசு. பிறகு பஞ்சாயத்து. பஞ்சாயத்துத் தலைவர் யார்? கிறுக்கு என்று சொந்தக்காரர்கள் ஒதுக்கிய மிஸ்டர் டிக். "இவனை என்ன செய்யலாம்?" டிக் யோசிக்கிறார்... யோசிக்கிறார்... (நடுவரும் இப்படித்தான் யோசிப்பார் என்று நம்புகிறேன்) "குளிப்பாட்டலாம்!" சிலநாள் கழித்து மாற்றாந்தகப்பன் பையனைக் கேட்டு வருகிறான். மறுபடி அதே கேள்வி. டிக் சொல்கிறார், "உடனே துணி தைக்க அளவெடுக்கலாம்!" ஏழு படித்த வக்கீல்கள் சேர்ந்தாலும் இப்படி ஒரு தீர்ப்பு வருமா?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே நிமிடம், நடுவரே.

1824-ல் டிக்கன்ஸின் அப்பா கடனுக்காக மார்ஷல்ஸி சிறையில். பன்னிரண்டு வயது சார்லஸ் தேம்ஸ் கரையில் ஷூ பாலிஷ் கிடங்கில். டப்பாவின் வாயில் முதலில் எண்ணெய்க் காகிதம், மேலே நீலக் காகிதம், சுற்றி நூல் கட்டி, ஓரத்தைச் சீராக வெட்டி, லேபிள் ஒட்ட வேண்டும். வாரம் ஆறு ஷில்லிங். அப்பா வெளியே வந்து, பிறகு ஒரு சண்டையில் பையனை அந்த வேலையிலிருந்து நிறுத்தியபோதும், திரும்ப அனுப்பலாம் என்றவர் அம்மா. அதை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை. பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. 1870-ல் அவர் போன பிறகு, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்குத் தெரிந்தது.

அந்தப் பையன் நடந்து போய்ச் சேர டோவரில் பாட்டி யாரும் இல்லை, நடுவரே. முப்பத்தேழு வயதில் தானே ஒரு பாட்டியை எழுதிக்கொண்டார். குளிப்பாட்டச் சொல்ல ஒரு டிக்கையும்.