ஒரே எண், இரண்டு நிரல்கள்: சிக்கலை அளப்பது எப்படி?

(திரையில்: மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி, உதகை என நான்கு புள்ளிகள்)

வணக்கம். ஒரு கணினி நிரலின் சிக்கலை அதன் நீளத்தை வைத்து மதிப்பிட முடியாது. நிபந்தனையே இல்லாத 200 வரி நிரலை ஒரே மூச்சில் படித்துவிடலாம். நிபந்தனைகள் பின்னிக்கிடக்கும் 20 வரி நிரலோ படிப்பவரைத் திணறடிக்கும். ஆகவே, 1976-ல் கணினி அறிஞர் தாமஸ் மெக்கேப் வரிகளை விட்டுவிட்டு, ஒன்றையொன்று சாராத வழிகளை எண்ணினார். நிரலின் ஒவ்வொரு பகுதியையும் புள்ளியாகவும், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குச் செல்வதை அம்பாகவும் வரைந்து, அம்புகளின் எண்ணிக்கையிலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்து, 2-ஐக் கூட்டினால் கிடைப்பதே சைக்ளோமேட்டிக் அளவு.

(முதல் படம்)

நிரல் மேட்டுப்பாளையத்தில் தொடங்கி உதகையில் முடிகிறது என்று கொள்வோம். கோத்தகிரி வழியாகச் செல்லலாம். அல்லது குன்னூரை அடைந்து, அங்கிருந்து பேருந்திலோ மலை ரயிலிலோ செல்லலாம். அம்புகள் 5, புள்ளிகள் 4. எனவே அளவு 3.

(இரண்டாம் படம்)

இப்போது ரயிலை நீக்கிவிட்டு, குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் சாலையைச் சேர்ப்போம். (சீசன் நேரத்து ஒருவழிப் போக்குவரத்து இந்தக் கணக்கில் இல்லை.) இங்கும் அம்புகள் 5, புள்ளிகள் 4, அளவு 3. ஆனால் இவ்விரண்டும் ஒரே தரத்தவை அல்ல.

முதல் படத்தில், குன்னூரில் பிரியும் இரு வழிகளும் உதகையில் சேர்ந்துவிடுவதால், ஒரு வாயில் வழியே நுழைந்து ஒரு வாயில் வழியே வெளியேறும் அந்தப் பகுதியை ஒரே அம்பாகச் சுருக்கலாம். அதன்பின் மேட்டுப்பாளையத்தில் தொடங்கும் வெளிப் பிரிவையும் அவ்வாறே சுருக்கினால் எஞ்சும் அளவு 1. இதுவே கட்டமைக்கப்பட்ட நிரலின் அடையாளம். இரண்டாம் படத்தில் கோத்தகிரிக்கு இரு திசைகளிலிருந்து வந்து சேர்கிறோம். குன்னூரிலிருந்தோ இரு வேறு இடங்களுக்குப் பிரிகிறோம். எந்தப் பகுதியையும் தனியே பிரித்தெடுக்க முடியாததால், சுருக்கிய பின்னும் 3 அப்படியே நிற்கிறது. இந்த எஞ்சும் எண்ணுக்கு உள்ளார்ந்த சிக்கல் என்று பெயர். அது 2 ஆக இருக்கவே முடியாது என்பதையும் மெக்கேப் சுட்டினார்.

ஒரு செயற்கூறின் (நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதியின்) சைக்ளோமேட்டிக் அளவு 10-ஐத் தாண்டக் கூடாது என்ற அவருடைய பரிந்துரையைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் பார்வையில், எஞ்சும் எண்ணே அதைவிடப் பயனுள்ளது. 1968-ல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா, நிரலின் ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் கோ டூ கட்டளையைக் கண்டித்தது நிரலின் ஓட்டத்தைப் பின்தொடர முடியாமல் போகிறது என்பதற்காகவே; அந்தக் குறையை எஞ்சும் எண்ணே பிடித்துக் காட்டுகிறது.

(மூன்றாம் படம்)

இரண்டாம் படத்தின் குறையைச் சரிசெய்ய, கோத்தகிரியில் நடக்கும் வேலையை இரு கிளைகளிலும் தனித்தனியே எழுதலாம். அப்போது அம்புகள் 6, புள்ளிகள் 5 ஆகின்றன. சைக்ளோமேட்டிக் அளவு 3-லேயே நிற்கிறது; உள்ளார்ந்த சிக்கல் மட்டும் 1-க்கு இறங்கிவிடுகிறது.