அஞ்சலை மைதானமும் ஆளில்லாத கேலரியும்

தலைவர் அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் கைபேசியில் லிவர்பூல் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். மறைக்க வேண்டாம், தம்பிகளே. நானும் ஃபுட்பால் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

செப்டம்பர் வந்தால் மொரிஷியஸ் தமிழர்களான நம் கூட்டங்களில் அஞ்சலையைப் பற்றி ஒருவர் பேசுவது வழக்கம். படத்துக்கு மாலை போடுவோம், தியாகம் என்போம், வீரப் பெண்மணி என்போம், அப்புறம் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் பெயரைச் சனி ஞாயிறுகளில் உரக்கச் சொல்கிற இடம் நம் மண்டபம் இல்லை. அது பெல் வியூவில் இருக்கும் ஸ்டேடியம். அதனால் இன்றைக்கு ஸ்டேடியத்தைப் பற்றியும், அதைச் சொந்த மைதானமாகக் கொண்ட பாம்பிள்மூஸ் கிளப்பைப் பற்றியும் பேசலாம் என்று நினைத்தேன்.

பாம்பிள்மூஸ் மாவட்டத்தில், கரும்பு வயல்களுக்கு நடுவே, 1991இல் கட்டப்பட்டது ஸ்டாட் அஞ்சலை, அதாவது அஞ்சலை ஸ்டேடியம். சுமார் 16,000 பேர் உட்காரலாம். பதின்மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நம் தீவுக்கு அது பெரிய இடம். புல்தரையைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடமும் உண்டு. ஃபுட்பால் பார்க்கப் போகிறவனுக்கு அந்தத் தடம் ஒரு தொல்லைதான். ஆட்டக்காரன் முகம் தெரியாது, சட்டை நம்பர்தான் தெரியும். இருந்தாலும் தேசிய அணியின் முக்கியமான ஆட்டங்கள் சில அங்கேதான் நடந்தன. 2016 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் ருவாண்டாவை நம் பையன்கள் 1–0 என்று அங்கே ஜெயித்தார்கள். அதே வருடம் ஜூனில் கானா வந்து 2–0 என்று நம்மைத் தோற்கடித்தது. அந்த இரண்டு நாளும் கிகாலியிலும் அக்ராவிலும் விளையாட்டுச் செய்தி வாசித்தவர்கள் அஞ்சலை என்ற பெயரை உச்சரித்திருப்பார்கள். தமிழ்நாட்டிலேயே எத்தனை ஸ்டேடியத்துக்குக் கூலிக்காரப் பெண்ணின் பெயர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அமைச்சர் பெயர் இருக்கும், அரசர் பெயர் இருக்கும். நம் ஊரிலும் க்யூர்பிப்பில் இருப்பது ஐந்தாம் ஜார்ஜ் பெயர்தானே.

யார் இந்த அஞ்சலை? இங்கே எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் நாம் ஒவ்வொரு வருடமும் விட்டுவிடுகிறோம். போன வாரம் ஒரு கல்லூரி மாணவனிடம் கேட்டேன். ஓட்டப்பந்தய வீராங்கனையா என்று கேட்டான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஸ்டேடியத்துக்குப் பெயர் இருந்தால் விளையாட்டு ஆளாகத்தான் இருக்கும் என்று நினைப்பது நியாயம்தானே.

1943. உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. நம் தீவுக்கு அரிசி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு அந்த வழி அடைபட்டது. சோறு தின்று பழகிய ஜனம் மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் தின்ன வேண்டி வந்தது. விலை ஏறியது, கூலி ஏறவில்லை. வடக்கே தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 27 அன்று பெல் வியூ அரேல் தோட்டத்தில் போலீஸ் சுட்டது. நான்கு உயிர் போயிற்று. அஞ்சலை குப்பன், வயது 32, வயிற்றில் பிள்ளை. கிருஷ்ணசாமி முனிசாமி. மருதை பாணப்பன். முனிசாமி முனியன், வயது 14. அப்புறம் மூடி என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் வைத்தார்கள். ஆணையம் அறிக்கை கொடுத்தது. செத்தவர்கள் செத்தவர்கள்தான். ஐந்து வருடம் கழித்து, 1948 தேர்தலில், எழுதப் படிக்கத் தெரிந்த ஆண் பெண் எல்லாரும் வாக்களிக்கலாம் என்று ஆனது. தோட்டத்து ஜனத்தின் குரல் சட்டசபைக்குள் போனது அந்தத் தேர்தலில்தான்.

இனி ஃபுட்பாலுக்கு வருகிறேன். இங்கே இருக்கும் தாத்தாக்களுக்கு தமிழ் கேடட்ஸ் கிளப் ஞாபகம் இருக்கும். இந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கவுட்ஸ், ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் ஜனம் கொடி பிடித்த ஃபயர் பிரிகேட், வெள்ளைக்காரப் பணக்காரர்களின் டோடோ கிளப். நம் தீவின் ஜாதகத்தையே ஒரு லீக் அட்டவணையில் எழுதிவைத்திருந்தோம். என் மாமா ஒருவர் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பதைவிடக் கண்டிப்பாக கேடட்ஸ் ஆட்டத்தன்று விரதம் இருப்பார். ஜெயித்தால் கேட்டோ பிமா, அதுதான் நம் மிளகாய் வடை, வாங்கித் தெருவுக்கே கொடுப்பார். தோற்றால் அத்தை சமையலில் உப்பு இல்லை என்பார். அந்தக் காலத்தில் கேலரி நிறைந்து வழிந்தது உண்மை. 1974இல் எகிப்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு மொரிஷியஸ் போனதும் அந்தக் காலத்தில்தான். அதற்குப் பிறகு நாம் போகவே இல்லை.

1980களில் கிளப் பெயர்களில் இருந்த மதமும் இனமும் எடுக்கப்பட்டன. இந்து கேடட்ஸ் வெறும் கேடட்ஸ் ஆனது, முஸ்லிம் ஸ்கவுட்ஸ் வெறும் ஸ்கவுட்ஸ் ஆனது. பெயரில் போனது மனத்தில் போகவில்லை. கேலரியில் யார் எங்கே உட்காருவார்கள் என்பது மாறவில்லை.

1999 மே 23. பட்டத்தை முடிவு செய்கிற ஆட்டம், ஸ்கவுட்ஸும் ஃபயர் பிரிகேடும். நடந்தது எங்கே? அஞ்சலை ஸ்டேடியத்தில். அந்த வருடம் பிப்ரவரியில்தான் பாடகர் காயா போலீஸ் காவலில் இறந்து, நாடே கொதித்து அடங்கியிருந்தது. ஆட்டத்தில் ஃபயர் பிரிகேட் ஜெயித்தது. கூட்டம் வெளியே வந்தது. வழியில் கரும்பு எரிந்தது. போர்ட் லூயிஸில் லாமிக்கால் சூதாட்ட விடுதிக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்த ஏழு பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. யார் குற்றவாளி, வழக்கு எப்படிப் போனது என்பதெல்லாம் நீதிமன்ற விஷயம், இந்த மேடைக்கு வேண்டாம். என் மனத்தில் நிற்பது வேறு. கூலிக்காரர்கள் ஒன்றாக நின்றதற்காகச் செத்த ஒருத்தியின் பெயர் கொண்ட இடத்திலிருந்து, கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளப் புறப்பட்டார்கள்.

ஒன்றரை வருடம்போல லீக்கே நடக்கவில்லை. மறுபடி தொடங்கியபோது பழைய கிளப்புகள் இல்லை. மாவட்டமும் ஊரும்தான் கிளப் என்று ஆனது. 2000–01இல் முதல் பட்டம் ஒலிம்பிக் டி மோகாவுக்கு. அப்புறம் போர்ட் லூயிஸ் 2000 என்ற தலைநகர் கிளப் வரிசையாக நான்கு தடவை. நம் வடக்கில் பிறந்தது பாம்பிள்மூஸ் ஸ்போர்ட்டிங் கிளப். 2006இல் சாம்பியன், 2010இல் சாம்பியன், 2017 தொடங்கி மூன்று பருவம் தொடர்ந்து சாம்பியன். சரி, இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்குங்கள். மூன்று. அதில் ஒருவர் கிளப்பில் ஆடியவர், அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

கிளப் ஜெயித்துக்கொண்டிருந்தது, கேலரி காலியாகவே இருந்தது. நியூகாசிலின் மாற்று ஆட்டக்காரர் பெயர் தெரிந்த பையனுக்கு பாம்பிள்மூஸ் கோல்கீப்பர் பெயர் தெரியாது. டிவியைக் குறை சொல்வது சுலபம். இங்கிலாந்து ஆட்டம் நன்றாக இருக்கிறது, பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. பழைய கிளப்பில் சண்டைக்கான காரணமும் இருந்தது, அன்புக்கான காரணமும் இருந்தது. 1999க்குப் பிறகு சண்டையை எடுக்கப்போய் இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் கோடு போட்டு, இந்தக் கோட்டுக்குள் இருப்பவன் எல்லாம் பாம்பிள்மூஸ் ரசிகன் என்று சொன்னால் ஆகிவிடுவானா? மாவட்டம் என்பது தபால் விலாசம். விலாசத்துக்காக யாரும் தொண்டை கிழியக் கத்த மாட்டார்கள்.

பழைய கிளப் திரும்பி வர வேண்டும் என்று நம்மில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தமிழ் கேடட்ஸ் இருந்திருந்தால் நம் பையன்கள் ஆடுவார்கள் என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கேலரி நிறையும்தான். எதனால் நிறையும் என்று பார்த்துவிட்டோமே.

பாம்பிள்மூஸுக்கு வேண்டியது ஒரு கதை. எல்லாரும் என்னுடையது என்று சொல்லக்கூடிய கதை. அது வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, ஆடுகிற மைதானத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1943இல் வேலையை நிறுத்தியவர்கள் தமிழர்கள் மட்டும் இல்லை. போஜ்புரி பேசியவர்களும் சேர்ந்துதான் நின்றார்கள். குண்டு பட்டுச் செத்த நான்கு பேரும் தமிழ்ப் பெயர்க்காரர்கள், அது உண்மை, அதைச் சொல்ல நமக்கு வெட்கம் வேண்டாம். ஆனால் வேலைநிறுத்தம் தமிழர் வேலைநிறுத்தம் இல்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும். அஞ்சலை எங்கள் ஆள் என்று நாம் மட்டும் தூக்கிக்கொண்டு போனால், ஸ்டேடியத்தின் பெயரும் இன்னொரு கேடட்ஸ் கொடி ஆகிவிடும். நாம் சும்மா இருந்தால் அது பஸ் போர்டில் எழுதிய ஊர்ப் பெயர்போல வெறும் சத்தம் ஆகிவிடும். அந்த மாணவனுக்கு ஏற்கெனவே அப்படித்தான் ஆகிவிட்டது.

1998இல் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே அச்சடித்தார்கள் என்று நாம் தெருவில் இறங்கினோம். நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். நானும் கோஷம் போட்டவன்தான், அதில் தப்பு இல்லை. ஆனால் அந்த ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்தப் பெயருக்காக நாம் செலவழிக்கவில்லை. நோட்டு கைமாறிப் போய்விடும். ஸ்டேடியம் எங்கும் போகாது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். சிலை, மணிமண்டபம் என்று கிளம்பாதீர்கள், சிலையில் காக்காய்தான் உட்காரும். என் மனத்தில் இருப்பது ஒரு ஆட்டம். முனிசாமி முனியனுக்கு வயது 14. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 27ஐ ஒட்டி வருகிற ஞாயிறு, அஞ்சலை ஸ்டேடியத்தில், வடக்கு ஊர்களின் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு ஒரு ஆட்டம். பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று. நம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. திரியோலே, கூட்லாண்ட்ஸ், டெர் ரூஜ், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. அது முடிந்த கையோடு பாம்பிள்மூஸ் பெரிய அணியின் ஆட்டம். சின்னவன் ஆட வந்தால் அவன் அம்மா வருவாள், தாத்தா வருவார், பக்கத்து வீட்டுக்காரன் வருவான். வந்தவர்கள் பெரிய ஆட்டத்துக்கும் இருப்பார்கள், வேறு வழி இல்லை, வண்டி ஒன்றுதான். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே ஒலிபெருக்கியில் அந்த நான்கு பெயரையும் வாசித்து, என்ன நடந்தது என்று இரண்டு நிமிஷம் நம் தீவின் பொதுமொழியான கிரியோலில் சொல்லட்டும். தமிழிலும் சொன்னால் எனக்குச் சந்தோஷம். ஆனால் கிரியோல்தான் முதலில். இங்கே நோட்டுச் சண்டை வேண்டாம்.

கிளப்பில் இருப்பவர்களிடம் பேசிப் பார்த்தேன், ஆள் வருவார்கள் என்றால் அவர்களுக்குச் சம்மதம். ஆட்டத்தை மதியத்தில் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி விளக்கு போட்டு ஆடினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஊர்ப் பக்கம் திரும்ப பஸ் இருக்காது. பிஸ்தாஸ் என்கிற வேர்க்கடலை விற்கிறவர், கேட்டோ பிமா போடுகிறவர் எல்லாம் தாமாகவே வந்துவிடுவார்கள், அவர்களுக்கு அழைப்பிதழ் தேவையில்லை. டிக்கெட் பணம் யாருக்குப் போகும் என்ற பேச்சை முதல் வருடம் எடுக்காதீர்கள், அதில் ஆரம்பித்தால் ஆட்டம் நடக்காது. குறைவது வண்டி ஒன்றுதான். கோவில் வேன் சாவி இந்த வருடம் யாரிடம் இருக்கிறதோ, அவர் டீ குடித்துவிட்டு ஓடிவிடாமல் கொஞ்சம் என்னைப் பார்த்துவிட்டுப் போகவும்.